எஸ்.ஏ.டி.யா, ஏ.சி.டி.யா? கணக்குத் தேர்வு: கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவை. அந்தக் கல்லூரிகளின் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்ற இரண்டு தேர்வுகளுக்கும் கணக்கு சொல்லித்தரும் ஆசிரியை பதில் சொல்கிறார்.

மகனுக்குக் கணக்கு நன்றாக வரும், ஆங்கிலம் சுமார்தான். எதை எழுதச் சொல்லலாம் மேடம்? (நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அப்பா)

எஸ்.ஏ.டி.தான். மொத்தம் 1600, அதில் கணக்குக்கு மட்டும் 800, சரிபாதி. ஏ.சி.டி.யின் மொத்த மதிப்பெண் இப்போது ஆங்கிலம், கணக்கு, வாசிப்பு மூன்றின் சராசரி. கணக்கில் 36க்கு 36 வாங்கினாலும் மற்ற இரண்டும் சேர்ந்து கீழே இழுத்துவிடும். கணக்கு வராமல் ஆங்கிலத்தில் கெட்டியாக இருக்கும் பிள்ளைக்கு அதே காரணத்தால் ஏ.சி.டி. லாபம். ஆனால் கை வேகமாக ஓட வேண்டும்.

எவ்வளவு வேகம்? 60 நிமிடத்தில் 60 கேள்வி என்று என் மகளின் புத்தகத்தில் இருக்கிறது.

அது பழைய புத்தகம், தூக்கிப் போடுங்கள். 2025இல் தேர்வையே மாற்றிவிட்டார்கள். இப்போது ஏ.சி.டி. கணக்கில் 50 நிமிடம், 45 கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் முன்பு ஐந்து விடைகள் இருந்தன, இப்போது நான்கு. ஒரு கேள்விக்குச் சுமார் 67 வினாடி கிடைக்கும். எஸ்.ஏ.டி.யில் 70 நிமிடத்துக்கு 44 கேள்விதான், அதாவது ஒன்றரை நிமிடத்துக்கும் கொஞ்சம் மேலே. சூத்திரப் பட்டியலும் கையிலேயே கொடுப்பார்கள், ஏ.சி.டி.யில் அது கிடையாது.

யார் சொல்வதையும் கேட்காமல், இரண்டிலும் ஒவ்வொரு மாதிரித் தேர்வை வீட்டில் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைவிட, தவறு எங்கே விழுந்தது என்று பாருங்கள். கடைசிப் பத்துக் கேள்விகளைத் தொடவே இல்லை என்றால் நேரம்தான் பிரச்சினை, எஸ்.ஏ.டி.க்குப் போகலாம்.

நான் சென்னையில் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு. கால்குலேட்டரே தொட்டதில்லை. கஷ்டமா அக்கா?

பாடத்தைப் பொறுத்தவரை நீ முன்னாலேயே இருக்கிறாய் தம்பி. வகையீடு, தொகையீடு இரண்டு தேர்விலுமே கிடையாது. பழக வேண்டியது டெஸ்மாஸ். எஸ்.ஏ.டி. எழுதும் புளூபுக் செயலிக்குள்ளேயே இந்த வரைபடக் கால்குலேட்டர் இருக்கிறது. ஒரு பரவளைவும் நேர்கோடும் எங்கே வெட்டுகின்றன என்று கேட்டால் இரண்டு சமன்பாட்டையும் அப்படியே தட்டு. வெட்டும் புள்ளியைத் தொட்டால் விடை தெரியும். நீ காகிதத்தில் போட்டால் அரைப் பக்கம் வரும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் அதைத் தேடாதே. விலை 20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் என்ன ஆகும்? 1.2 பெருக்கல் 0.8, அதாவது 0.96. 4 சதவீதம் நஷ்டம். இது மனக்கணக்கு.

அப்புறம், எஸ்.ஏ.டி. கணக்கு இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதியை எப்படி எழுதுகிறாயோ அதை வைத்துத்தான் இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். எளிய பகுதி வந்துவிட்டால் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது. நம் பிள்ளைகள் ‘இதெல்லாம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு’ என்று அலட்சியமாகத் தட்டிவிட்டு மாட்டிக்கொள்வது முதல் பகுதியில்தான்.

அண்ணன் வைத்திருந்த ‘கணக்கு லெவல் 2’ புத்தகம் இருக்கிறது. லெவல் 1 எழுதவா, 2 எழுதவா?

இரண்டும் இல்லை. அவை எஸ்.ஏ.டி.யின் பாடவாரித் தேர்வுகள், 2021இலேயே நிறுத்திவிட்டார்கள். புத்தகத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் கணக்கில் கெட்டி என்று காட்ட வேறு வழி?

அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வுகள், அதாவது பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி அளவுப் பாடத்தில் எழுதுபவை. மே மாதத்தில் நடக்கும், 5க்கு மதிப்பெண். கால்குலஸில் ஏபி, பிசி என்று இரண்டு உண்டு. ஏபி பாடம் முழுவதும் பிசிக்குள் அடக்கம். முடிவிலித் தொடர்கள், போலார் ஆயங்கள் போன்றவை கூடுதல். பொறியியலுக்குப் போகிறவர், பள்ளியில் பிசி நடத்தினால் அதையே எடுக்கலாம். பிசி எழுதினால் ஏபி அளவிலான மதிப்பெண்ணும் தனியாக வரும் என்பதால் பயப்பட வேண்டாம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களுக்கு மட்டும்தான் விண்ணப்பிக்கிறோம்.

பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற யு.சி. வளாகங்கள்தானே? அவர்கள் சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. இரண்டையுமே பார்ப்பதில்லை. பணத்தை மிச்சம் பிடியுங்கள். பட்டியலில் எம்.ஐ.டி., ஹார்வர்டு, கால்டெக் இருந்தால் கதை வேறு. கொரோனா காலத்தில் கைவிட்ட தேர்வை எம்.ஐ.டி. 2022இலும், மற்ற இரண்டும் 2024இலும் மறுபடி கட்டாயமாக்கிவிட்டன.

இரண்டையும் எழுதி இரண்டையும் அனுப்பினால் கூடுதல் மதிப்பு உண்டா?

கிடையாது. ஏ.சி.டி.யில் 34 வாங்கினாலும் எஸ்.ஏ.டி.யில் 1500 வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எது மேலே இருக்கிறதோ அதை மட்டும் அனுப்புங்கள்.