போர்க்காலத்தில் செய்தியை நம்பலாமா?

"போர் என்றால் எல்லா ஊடகமும் பொய்தான் சொல்கிறது, செய்தி பார்ப்பதையே விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். 1948 ஜூனில் இங்கே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க, அன்றைய பிரிட்டிஷ் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், சிலாங்கூர் பத்தாங் காலியில், ரப்பர் தோட்டத்தில் இருந்த ஆயுதமில்லாத 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோட முயன்றதால் சுட்டோம் என்றது அரசுத் தரப்பு. பத்திரிகைகளிலும் அதுவே வந்தது. 1970-இல் அந்தப் படையில் இருந்த சிலர் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றிடம் வேறு கதை சொன்னார்கள்: யாரும் தப்பியோடவில்லை. பொய்யைச் சுமந்ததும் பத்திரிகை, 21 ஆண்டு கழித்து அதை உடைத்ததும் பத்திரிகை. எதையுமே நம்பாதவர்களாக நாம் மாறிவிட்டால், பிரச்சாரம் செய்பவருக்கு வேலை மிச்சம்.

சரி, என்ன செய்வது? போன மாதம் ஒட்டுக்கடையில் பெரியவர் ஒருவர், பதறிப்போய், குண்டு விழுந்த தெரு என்று வாட்ஸ்அப் வீடியோ ஒன்றைக் காட்டினார். நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தோம். கடைப் பலகையில் இருந்தது போர் நடக்கும் நாட்டு எழுத்தே இல்லை. அப்புறம், தன் தவற்றைத் திருத்தி வெளியிடும் ஊடகமா என்று பாருங்கள். 'ராணுவம் கூறியது' என்பதையும் 'எங்கள் நிருபர் பார்த்தார்' என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தாங் காலியில் உயிரோடு மிஞ்சியவர்களிடம் அன்றைக்கே போய்க் கேட்டிருக்கலாம்.