மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது ஏமாற்றத்தானா?

"வாயால் சொல்லாமல் துண்டுக்குள் விலை பேசுகிறார்களே, விவசாயியை ஏமாற்றத்தானே? எல்லோர் முன்னாலும் ஏலம் விட்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவையாகச் சந்தையில் கறவை பிடித்து, வீட்டுக்கு வந்தபின் சொன்ன பாலில் பாதிகூட இல்லை என்ற கோபத்தில் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நீங்கள் ஏமாந்த இடம் துண்டு இல்லை, மடி. அதற்குப் பிறகு வருகிறேன்.

துண்டுக்குள் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, கை முழுக்கப் பிடித்தால் ஐந்து. ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் கையைப் பிடித்துவிட்டு மேற்கொண்டு விரல் கூட்டுவார்கள். முதல் பிடி பத்தாயிரம், அடுத்த பிடி ஆயிரம். நான்கு விரல், பிறகு மூன்று விரல் என்றால் நாற்பத்து மூன்று. கன்றுக்குட்டிக்குப் பேசும்போது அதே விரல் ஆயிரமாகவும் நூறாகவும் இறங்கும். எது ஆயிரம், எது பத்தாயிரம் என்று யாரும் சொல்வதில்லை, மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சந்தைக்குச் சந்தை பிடி கொஞ்சம் மாறும், "எங்கள் ஊரில் இப்படி இல்லை" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஏன் மறைக்க வேண்டும்? விற்பவர் ஐம்பது என்று மனதில் வைத்திருக்கிறார், ஒருவர் வந்து முப்பத்தைந்துக்குக் கேட்கிறார். அது வெளியே கேட்டுவிட்டால் அன்றைக்கு அந்த மாட்டின் விலை முப்பத்தைந்துதான். அடுத்து வருபவர் முப்பத்தாறில்தான் ஆரம்பிப்பார். துண்டுக்குள் கேட்டது துண்டோடு போய்விடும், விற்பவர் அடுத்த ஆளிடம் ஐம்பதிலிருந்தே பேசலாம். விலையை மறைப்பதில் முதல் லாபம் விவசாயிக்குத்தான். இன்னொன்று, இத்தனை பேர் பார்க்க "ஐம்பதுக்குக் குறையாது" என்று சொன்னவர் நாற்பத்து நான்குக்கு இறங்கக் கூச்சப்படுவார். விரலுக்குக் கூச்சம் கிடையாது.

ஏலத்தை நான் குறை சொல்லவில்லை. இறைச்சிக்குப் போகிற உருப்படியை எடை மேடையில் ஏற்றி, எடைக்கு இவ்வளவு என்று ஏலம் விடலாம், வெளிநாடுகளில் அப்படித்தான் விடுகிறார்கள். கறவைக்கு எடை எதற்கு? ஈத்து (எத்தனை தடவை கன்று ஈன்றது), பால், காம்பு, குணம் என்று நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் விலை வைக்க முடியும். அரை நிமிட ஏலத்தில் காம்பைத் தொட்டுப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்?

இப்போது மடி. சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலமே கறக்காமல் நிறுத்திவிடுவார்கள். காலையில் மடி கல் மாதிரி இறுகி, தோல் பளபளத்து, காம்புகள் நான்கு பக்கமும் விறைத்து நிற்கும். மாடு பின்னங்காலை அகட்டி வைக்கும், காம்பில் பால் சொட்டும். புதிதாக வருபவர் மயங்குவது இந்த மடியைப் பார்த்துத்தான். அப்படி நிறுத்தி வைப்பது மாட்டுக்கு வேதனை, மடிநோய்க்கும் அதுவே வாசல். அந்த மடியைப் பார்த்து விலை சொல்லாதீர்கள், எதிரிலேயே முழுக்கக் கறக்கச் சொல்லுங்கள். கறந்ததும் வெறும் பை போலச் சுருங்கித் தொங்கினால் பால்மடி. கறந்த பிறகும் பருமன் குறையாமல் நின்றால் அது சதைமடி, பாலுக்கு ஆகாது. ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீய்ச்சை உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். திரி திரியாக, தண்ணியாக, அல்லது ரத்தம் கலந்து வந்தால் கயிற்றைத் தொடாதீர்கள். மூன்று காம்பில் சரியாக வந்து நான்காவதை ஆள் தாண்டிப் போகிறார் என்றால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. கறந்ததை அளந்துவிட்டு, கடைசியாக எப்போது கறந்தார்கள் என்று கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளைப் பால் ஒரே வேளையில் வந்திருக்கும். விற்பவர் ஊர் பக்கம் என்றால் அவர் தொழுவத்தில் சாயங்காலம் ஒரு கறவை, மறுநாள் காலை ஒரு கறவை பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதுதான் நல்லது.

பல் எளிது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை, கீழே எட்டு. பால்பல் விழுந்து ஜோடி ஜோடியாக முளைக்கும். இரண்டு பல் என்றால் வயது இரண்டு, இரண்டரை. எட்டும் சேர்ந்துவிட்டால் நான்கரை, ஐந்து. அதற்குமேல் தேய்மானத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும், அங்கே ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். கொம்பு வளையத்தை எண்ணி ஈத்துக் கணக்கு போடாதீர்கள், அரம் போட்டு ராவியிருப்பார்கள். கூட நிற்கிற கன்று அதனுடையதுதானா என்பதற்கு, அவிழ்த்துவிட்டால் மாடு நக்குகிறதா, உதைக்கிறதா என்று பார்த்தால் போதும். "மூன்று மாதச் சினை" என்கிற பேச்சைக் கால்நடை மருத்துவர் கைவிட்டுப் பார்க்கும்வரை காதில் வாங்காதீர்கள்.

தரகர்களெல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. விற்பவரிடம் முப்பத்தெட்டுக்கு விரல் பிடித்து, வாங்குபவரிடம் நாற்பத்தொன்றுக்குப் பிடித்து, நடுவில் மூன்றை மடக்குகிறவரும் உண்டு. மருந்து சுலபம். கயிறு கை மாறும் முன் பணத்தை விற்பவர் கையில் நீங்களே கொடுங்கள், அவரையே வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். தரகை மாட்டுக்கு இவ்வளவு என்று முன்னாலேயே பேசித் தனியாகக் கொடுங்கள். நல்ல தரகர் இதற்குக் கோபிக்க மாட்டார். அச்சாரம் கொடுத்துவிட்டு வாங்குபவர் திரும்பி வராவிட்டாலும், பாக்கி நின்றாலும், விவசாயி பிடிப்பது தரகர் சட்டையைத்தான். வெளி மாநில வியாபாரி மீதியை அடுத்த வாரம் தருகிறேன் என்று போனால் அதற்கு ஜாமீனும் தரகர்தான். செவ்வாய் சாயங்காலம் தொடங்கி புதன்வரை மணப்பாறை, வியாழன் ஈரோடு கருங்கல்பாளையம் அல்லது பொள்ளாச்சி என்று தூக்கமில்லாமல் அலைந்து, பேரம் முறிந்தால் வெறுங்கையோடு திரும்புகிற தொழில் இது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் சந்தை படுத்துவிடுகிறது. 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடிக்கும். ஒரு ஜோடிக் காளைக்கே அந்தப் பணம் பற்றாது, மாடு விற்ற விவசாயிக்கு யார் பில் கொடுப்பார்கள்? ஓட்டுக்குப் பணம் கொடுப்பவன் வேறு வழியில் போய்விடுகிறான், மஞ்சள் பையோடு பேருந்து ஏறியவர்தான் வட்டாட்சியர் அலுவலகத்து வாசலில் நிற்கிறார். ஆகவே அந்த மாதங்களில் மாடு வாங்கவோ விற்கவோ போனால், சந்தை வாசலில் கொடுக்கிற சுங்கச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வங்கியில் பணம் எடுத்த சீட்டையும் அதோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.