ப்ளூஸ், ராக், ரெக்கே, ஹிப்ஹாப், டெக்னோ: இவற்றில் எது எதற்குத் தாய்?

எந்த இசை வகையிலிருந்து எது பிறந்தது, எது எதைப் பாதித்தது, வரிசையாகச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே ஆசையில் நானும் ஒருமுறை பெரிய தாள் ஒன்றை விரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு கட்டம் போட்டு, அம்புக்குறிகளால் இணைக்க உட்கார்ந்தேன். இரண்டு வாரத்தில் அந்தத் தாள் நூல்கண்டைப் பூனை உருட்டியது போல ஆகிவிட்டது. ஏன் அப்படி ஆனது என்பதைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சிக்கல் ராக் அண்ட் ரோலிலேயே தொடங்கியது. 1954 ஜூலையில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு பதிவானது. அதன் ஒரு பக்கம் ஆர்தர் குருடப் என்ற கறுப்பினக் கலைஞரின் ப்ளூஸ் பாட்டு. மறுபக்கம் பில் மன்ரோவின் ப்ளூகிராஸ் பாட்டு; ப்ளூகிராஸ் என்பது வெள்ளையர்களின் கிராமிய இசையான கண்ட்ரியின் ஒரு கிளை. ப்ளூஸும் கண்ட்ரியும் சேர்ந்து ராக் பிறந்தது என்று இரண்டு அம்பு போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் மன்ரோ தன் பாட்டை மூன்றடித் தாளத்தில் மெதுவாகப் பாடியிருந்தார். பிரெஸ்லி அதை நான்கடித் தாளத்துக்கு மாற்றி ஓடவிட்டார். அதைக் கேட்ட மன்ரோ அதே ஆண்டு தன் பாட்டைத் திரும்பப் பதிவு செய்தார். பழைய மூன்றடியில் தொடங்கி, நடுவில் இளையவரின் நான்கடிக்குத் தாவினார். இப்போது அம்பு எந்தப் பக்கம் போக வேண்டும்?

அடுத்த ஆண்டு சக் பெர்ரி வந்தார். கறுப்பினக் கலைஞர், அவர் தட்டை வெளியிட்டதும் ப்ளூஸ் பதிவுகளுக்குப் பேர்போன சிகாகோ நிறுவனம். ஆனால் அவருடைய முதல் வெற்றிப் பாட்டின் வேர், பிடில் வாசித்து ஆடும் ஒரு பழைய கண்ட்ரிப் பாட்டில் இருந்தது. என் கட்டங்களைப் பிரித்தது வாத்தியங்களை விட விற்பனைதான் என்பது அப்போது உறைத்தது. கறுப்பின மக்களுக்கென்று விற்கப்பட்ட தட்டுகளைப் பில்போர்டு என்ற அமெரிக்க இசைத்தொழில் இதழ் 1949 வரை 'இனத் தட்டுகள்' என்ற தலைப்பில்தான் பட்டியலிட்டது. அந்த ஆண்டுதான் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று பெயரை மாற்றினார்கள். மாற்றச் சொன்னவர் ஜெரி வெக்ஸ்லர், அப்போது அந்த இதழின் நிருபர். பெயர் நாகரிகமானது, வாங்குபவரின் தோல் நிறத்தை வைத்துப் பிரிக்கும் வழக்கம் அப்படியே இருந்தது. இசைக் கலைஞர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வேலி போட்டவர்கள் கடைக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும்.

எனக்கு மிகவும் பிடித்த வழித்தடம் ஜமைக்கா. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1950-களில் நியூ ஆர்லியன்ஸ், மியாமி வானொலி நிலையங்களின் அலைகள் கடலைத் தாண்டி ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டன் வரை எட்டும். அங்கே தெருவோர நடனங்களுக்குப் பாட்டுப் போடுவதற்கென்றே 'சவுண்ட் சிஸ்டம்' குழுக்கள் இருந்தன. ஆளுயரப் பெட்டிகள், நெஞ்சு அதிரும் பாஸ் ஒலி. அவற்றுக்குள் போட்டி என்றால் சாதாரணப் போட்டி இல்லை. காக்சன் டாட் என்ற புகழ்பெற்ற சவுண்ட் சிஸ்டம்காரர் அமெரிக்காவிலிருந்து தட்டுகளை வாங்கிவந்து, போட்டியாளர்கள் எட்டிப் பார்த்து அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று அவற்றின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார். பாட்டுக்குத் தானே வேறு பெயரும் வைத்துக்கொள்வார். இசை வரலாற்றில் பெயர்கள் எப்படித் தொலைகின்றன என்பதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

பத்தாண்டின் முடிவில் அமெரிக்க ரசனை மாறியது. கிங்ஸ்டன்வாசிகளுக்குப் பிடித்த அந்தத் துள்ளல் நடைத் தட்டுகள் வருவது குறைந்தது. சரக்கு வராவிட்டால் நாமே செய்துகொள்வோம் என்று உள்ளூர்க் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். தாளத்தின் அழுத்தம் அடியிலிருந்து நழுவி, இரண்டு அடிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. அதுதான் ஸ்கா. 1966 வாக்கில் அது நடை தளர்ந்து ராக்ஸ்டெடி ஆனது. 1968-இல் இன்னும் மாறி ரெக்கே ஆனது.

தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் அதே பாட்டு குரல் இல்லாமல். இந்த வழக்கமும் அங்கேதான் வேரூன்றியது. கிங் டப்பி என்பவர் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். அவர் அந்த மறுபக்கத்தை எடுத்து, கிட்டாரை மறைத்து, டிரம்ஸையும் பாஸையும் மட்டும் விட்டு, குரலின் ஒரு துண்டை எதிரொலியாகச் சிதறவிட்டார். இதற்கு டப் என்று பெயர். வாத்தியம் எதையும் வாசிக்காமல், ஒலிக்கலவை மேசையின் முன் உட்கார்ந்தபடியே ஒருவர் படைப்பாளி ஆனார். இன்று கணினியில் பாட்டை வெட்டி ஒட்டும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்பேன்.

கிங்ஸ்டனில் பிறந்த கிளைவ் கேம்பல் என்ற சிறுவன் 1967-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தான். உலகம் பின்னாளில் அவரை டிஜே கூல் ஹெர்க் என்று அறிந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளி திறக்குமுன் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்று அவருடைய தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் அவர்தான் பாட்டுப் போட்டார். பிராங்ஸ் இளைஞர்கள் ரெக்கேவுக்கு ஆடவில்லை. தாளம் தூக்கலான அமெரிக்கக் கறுப்பின நடன இசையான ஃபங்க் தட்டுகளுக்கு ஆடினார்கள். அதிலும் பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளில்தான் கூட்டம் பொங்கியது. ஹெர்க் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த நொடிகள் முடிந்ததும் மற்றொன்றுக்கு மாறி, சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். ஹிப்ஹாப்பின் அடித்தளம் இந்தத் தந்திரம்தான்.

ஜமைக்காவில் தட்டு ஓடும்போதே அதன் மேல் தாளத்தோடு பேசும் கலையே நேராக ஹிப்ஹாப்பின் எதுகைப் பேச்சான ராப் ஆனது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்த ஜமைக்கர்களே அமெரிக்கக் கறுப்பின வானொலி அறிவிப்பாளர்களின் எதுகைப் பேச்சைக் கேட்டு அதைத் தங்கள் பாணியில் பேசியவர்கள். பிராங்ஸ் இளைஞர்களுக்கும் அதே பேச்சு பழக்கமானதுதான். மறுபடியும் அம்பு வட்டம் போடுகிறது.

இயந்திரங்களின் கதை வேறு ரகம். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்துக் கிராஃப்ட்வெர்க் குழு, உணர்ச்சியே இல்லாதது போல் தோன்றும் மின்னணு இசையைச் செய்தது. 1982-இல் பிராங்ஸ் டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டாவின் குழு அந்த மெட்டையும் தாளத்தையும் ரோலண்ட் டிஆர்-808 தாள இயந்திரத்தில் மறுபடி செய்து பிராங்ஸ் நடனக்களத்தில் இறக்கியது. டெட்ராய்ட்டில் ஒரு வானொலி அறிவிப்பாளர் கிராஃப்ட்வெர்க்கையும் பாடகர் பிரின்ஸையும் ஃபங்க் குழுக்களையும் வகை பார்க்காமல் ஒரே இரவில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் டெக்னோ என்ற மின்னணு நடன இசையை உருவாக்கினார்கள்.

சிகாகோவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1979 ஜூலை 12 அன்று ஒரு பேஸ்பால் மைதானத்தில், அப்போது நடன அரங்குகளை ஆண்ட டிஸ்கோ இசையை வெறுத்தவர்கள் அதன் தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் களத்துக்குள் புகுந்து, அடுத்த ஆட்டமே கைவிடப்பட்டது. டிஸ்கோ ஒழிந்தது என்று எழுதினார்கள். அதே நகரத்தில் வேர்ஹவுஸ் என்ற நடன அரங்கில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் அதே டிஸ்கோவைப் போட்டுக்கொண்டிருந்தார், பின்னாளில் அதில் தாள இயந்திரத்தையும் கலந்தார். அப்படிப் பிறந்த நடன இசைக்கு ஹவுஸ் என்ற பெயர் அந்த அரங்கின் பெயரிலிருந்து வந்தது.

ரோலண்ட் நிறுவனம் 1981-இல் டிபி-303 என்ற சிறு பெட்டியை விற்றது. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்குப் பாஸ் துணை தருவது அதன் வேலை. அது பாஸ் கிட்டார் போலவே ஒலிக்கவில்லை, இயக்குவதும் தலைவலி. 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைக்குப் போன அந்தப் பெட்டி சிகாகோவின் ஃப்யூச்சர் குழுவிடம் சிக்கியது. குமிழ்களைக் கண்டபடி திருகினார்கள். பெட்டி கீச்சிட்டது, குழைந்தது. சிகாகோ டிஜே ரான் ஹார்டி அந்தப் பதிவை அரங்கில் முதன்முறை போட்டபோது ஆடியவர்கள் விலகிப் போனார்களாம். அன்றிரவே நான்காம் முறை போட்டபோது கூட்டம் வெறி கொண்டு ஆடியது என்பார்கள். 1987-இல் அது தட்டாக வெளிவந்து, ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகையே உண்டானது.

இத்தனைக்கும் பிறகு என் தாளைப் பார்த்தால் அதில் ஆட்களே இல்லை. கட்டம், அம்பு, ஆண்டு. வாசித்த கை எங்கே? தி வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் ஒரு தட்டின் மறுபக்கத்தை நிரப்ப, கோஸ்பல் என்ற கறுப்பினத் தேவாலயப் பாட்டு ஒன்றை வேகமான வாத்திய இசையாக்கிப் பதிவு செய்தது. நடுவில் கிரெகரி கோல்மன் சுமார் ஆறு நொடி தனியாக டிரம்ஸ் வாசித்தார். 1980-களில் ஹிப்ஹாப் அந்த ஆறு நொடியை எடுத்துக்கொண்டது. 1990-களின் தொடக்கத்தில் லண்டன் இளைஞர்கள் அதை வேகம் கூட்டி, துண்டு துண்டாக்கி, ஜங்கிள் என்றும் டிரம் அண்ட் பாஸ் என்றும் புது வகைகளைக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பதிவுகளில் அந்தக் கை இருக்கிறது. குழுவுக்கு உரிமைத்தொகை எதுவும் வரவில்லை. 2015-இல் ரசிகர்கள் இணையத்தில் 24,000 பவுண்டு திரட்டிக் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். அதற்குள் கோல்மன் வறுமையில் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.