அலாய் வீலில் பிரேக் தூசி: ஆசிட்டா, கோட்டிங்கா?

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறேன். என் ஹேட்ச்பேக் கார் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. சில்வர் அலாய் வீல். முன்சக்கரம் இரண்டிலும் கருப்பும் செம்பழுப்புமாகப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு, வாட்டர் வாஷ் விட்டாலும் போகமாட்டேன் என்கின்றன. வாஷ் கடைக்காரர், ‘ஆசிட் போட்டா பளிச்சுன்னு ஆயிரும்’ என்கிறார். இன்னொரு கடையில் செராமிக் கோட்டிங் செய்தால் இனி தூசியே ஒட்டாது என்று சொல்லி ஆறாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். எதைச் செய்யலாம்?

பதில்: ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். லேபிள் இல்லாத கேனிலிருந்து ஊற்றித் தேய்க்கிற எதையும் உங்கள் சக்கரத்தில் போட விடாதீர்கள். அலாய் என்பது அலுமினியம். அதன் மேல் பெயிண்ட், அதற்கும் மேல் பெயிண்டைக் காக்கும் நிறமில்லாத மெல்லிய பூச்சு, அதுதான் கிளியர் கோட். கல் தெறித்த இடத்திலும் ஓரம் உரசிய இடத்திலும் ஆசிட் உள்ளே இறங்கி, கிளியர் கோட்டை அடியிலிருந்து கிளப்பிவிடும். அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். பிறகு வெள்ளையாகப் பூத்து உரியத் தொடங்கும். கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், அதனால் அந்த வீட்டு வைத்தியமும் கூடாது. சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்போ இருக்கும். அது தோலில் பட்டால் உடனே எரியாமல் போகலாம், ஆனால் ஆழமாக இறங்கிப் புண்ணாக்கும். கையுறை இல்லாமல் அதைத் தேய்க்கிற கடைப் பையனையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சரி, ஷாம்புக்கு ஏன் போகவில்லை? பிரேக் பிடிக்கும்போது, சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டான டிஸ்க்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் உரசித் தேய்கின்றன. அந்தச் சூடான இரும்புத்தூள் சக்கரத்தில் படிந்து, ஈரம் பட்டதும் துருவாகி, கிளியர் கோட்டைக் கடித்துக்கொள்கிறது. பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். நம் ஊர் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் பின்னால் டிரம் பிரேக், அதாவது மூடிய உருளைக்குள் உரசும் பிரேக், அதன் தூசி பெரும்பகுதி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும். கோரிப்பாளையம் நெரிசலில் தினமும் நின்று நின்று போகிற வண்டிக்கு இது சீக்கிரம் சேரும். கொடைக்கானலிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஒரே நாளில் சக்கரம் கருத்துவிடும். மலை இறங்கும்போது சின்ன கியரில் வாருங்கள். சக்கரத்தை விட பிரேக்குக்கு அது முக்கியம்.

நீங்கள் வாங்க வேண்டியது ‘அயர்ன் ரிமூவர்’ என்று விற்கும் ஸ்பிரே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அமிலமோ காரமோ தூக்கலாக இல்லாதது, அதாவது பி.எச். நியூட்ரல் என்று லேபிளில் போட்டிருக்கிறதா பாருங்கள். உட்பொருளில் தயோகிளைகோலேட் என்ற பெயர் இருந்தால் நல்லது, இரும்புத் துருவைக் கரைப்பது அதுதான். எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், தயாரிப்பாளர் முகவரி மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும்.

வெயிலில் நின்ற வண்டியில் அடிக்காதீர்கள். மதுரை வெயிலுக்கு மருந்து நொடியில் காய்ந்து கறையாகிவிடும். மாலையில், நிழலில், சக்கரம் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் தொடங்குங்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணைப் போக்கிவிடுங்கள், இல்லையென்றால் தேய்க்கும்போது கீறல் விழும். பிறகு ஒவ்வொரு சக்கரமாக ஸ்பிரே செய்து, லேபிளில் சொன்ன நிமிடம் வரை விடுங்கள். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். அழுகிய முட்டை நாற்றமும் வரும், அதனால் திறந்தவெளியில், கையுறை போட்டுச் செய்யுங்கள். காயும் முன் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து நன்றாகக் கழுவுங்கள். ஊதா வருவது நிற்கும் வரை இன்னொரு தடவை செய்யலாம். கம்பி நார் ஆகாது.

கழுவியதும் துணியால் துடைத்துவிடுங்கள். போர் தண்ணீர் அப்படியே காய்ந்தால் வெள்ளை உப்புப் புள்ளி விழும். அதைப் பலர் பிரேக் தூசியின் மிச்சம் என்று நினைத்து மறுபடி அயர்ன் ரிமூவர் அடிக்கிறார்கள், அயர்ன் ரிமூவருக்கு அந்த உப்புப் புள்ளி போகாது. அப்புறம் வண்டியை மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று தடவை லேசாக பிரேக் பிடித்து டிஸ்க்கை உலர்த்துங்கள். இத்தனைக்குப் பிறகும் புள்ளி நின்றால் கிளியர் கோட்டே அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு எந்தப் பாட்டிலும் உதவாது, மறு பெயிண்ட்தான்.

இனி கோட்டிங். ‘தூசியே ஒட்டாது’ என்பது உண்மையில்லை. பிரேக் பிடிக்கும் வரை தூசி வரும், படியும். கோட்டிங் இருந்தால் கழுவும்போது எளிதாகப் போகும், அவ்வளவுதான். மூன்று வருட வண்டிக்கு, தினசரி ஓட்டத்துக்கு, நான் ஆறாயிரம் செலவழிக்கச் சொல்லமாட்டேன். சுத்தமான சக்கரத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீல் சீலன்ட் என்ற பாதுகாப்புப் பூச்சைப் பூசி, வாரம் ஒரு தடவை ஷாம்பு தண்ணீரில் கழுவினால் போதும். சாதாரண வாக்ஸ் பிரேக் சூட்டில் சீக்கிரம் போய்விடும். எதைப் பூசினாலும் டிஸ்க்கில் மட்டும் படக்கூடாது, பிரேக் பிடிக்காமல் போகும். சீலன்டைத் துணியில் எடுத்துப் பூசுங்கள்.

கோட்டிங்தான் வேண்டும் என்றால், சக்கரத்தைக் கழற்றி உட்பக்கமும் பூசுவார்களா என்று கேளுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மாத உத்தரவாதம், எதற்கெல்லாம் பொருந்தும் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி மாட்டியவர்கள் கையில் காட்ட எதுவும் இருப்பதில்லை. எழுதியதைச் செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு முன் இடது சக்கரத்தில் மட்டும்தான் கருப்பு. வலதில் அவ்வளவாக இல்லை. ஏன்?

பதில்: இதற்கு கிளீனர் வாங்க வேண்டாம், முதலில் பிரேக் மெக்கானிக்கிடம் போங்கள். அந்தப் பக்கம் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகமான காலிப்பர் இறுகி, பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, டிஸ்க்கைத் தொடாமல் இரண்டு சக்கரத்தின் அருகிலும் கை வைத்துப் பாருங்கள். இடது மட்டும் அதிகமாகச் சுட்டால், அல்லது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், நாளைக்குத் தள்ளாதீர்கள். பேட் மாற்றச் சொன்னால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.