நம்பிக்கையா, உண்மையா? மனநல ஆலோசகரிடம் கேள்வி பதில்

கேள்வி: மேடம், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். "வேலை கிடைத்துவிட்டதாகவே தினமும் நினை, கிடைக்கும்" என்கிறார்கள். உதவுமா?

பதில்: அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன் ஜெர்மனியில் பட்டம் முடிக்கும் மாணவர்களிடம் இதை ஆராய்ந்தார். நல்ல வேலை கிடைத்ததாக அதிகம் கனவு கண்டவர்கள், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள். வேலையும் சம்பளமும் கூடக் குறைவு. "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே வந்தார்கள். கனவு வேறு, எதிர்பார்ப்பு வேறு. ஆசையை நினைத்த கையோடு குறுக்கே நிற்பதையும் நினையுங்கள். கணக்குதான் இடிக்கிறது என்றால், காலையில் முதலில் கணக்கு.

கேள்வி: அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். "அல்சர்தான்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் இடிந்துபோவார் என்று அம்மாவுக்குப் பயம். ஆனால் கீமோவுக்குப் போகும்போதெல்லாம் "அல்சருக்கு எதுக்குடா இவ்வளவு மருந்து?" என்று கேட்கிறார்.

பதில்: தம்பி, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு முடி கொட்டியிருப்பதை அவரும் பார்க்கிறார் இல்லையா? பாதி அவருக்கே புரிந்திருக்கலாம். நீங்கள் கலங்கக் கூடாது என்று தெரியாதது போல இருக்கிறாரோ என்னவோ. அப்படியானால் ஒரே வீட்டில் மூன்று பேரும் தனித்தனியாகப் பயப்படுகிறீர்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

அதற்காக இன்றைக்கே போட்டு உடைக்க வேண்டாம். கெட்ட செய்தி சொல்வதற்கென்று புற்றுநோய் மருத்துவர்கள் 2000-இல் ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறையை வெளியிட்டார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, சொல்வதற்கு முன்னால் கேட்பது. "உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்கப்பா?" என்று கேளுங்கள். அப்புறம், "எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல நாங்க பாத்துக்கட்டுமா?" "நீயே பாத்துக்கோ" என்றால் நிறுத்திவிடுங்கள், அது அவர் முடிவு. "சொல்லு" என்றால் மருத்துவரையும் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லாத "குணமாயிடும்" உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். "இந்த மருந்து கட்டியைக் குறைக்கத்தான்" என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதைச் சொல்லுங்கள். அவர் பிடித்துக்கொள்ள அதில் நம்பிக்கை இருக்கிறது. முதலில் அம்மாவிடம் பேசி, அவர் பயத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: கணவர் பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமா?

பதில்: முடியாதும்மா. இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2006-இல் சேர்த்துப் பார்த்தார்கள். மக்கள் சரியாகக் கண்டுபிடித்தது நூற்றுக்கு 54 தடவை. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று சண்டை போடாதீர்கள். எது உறுத்துகிறதோ அதை நேராகக் கேளுங்கள்.

கேள்வி: மனைவி பதவி உயர்வு கிடைத்ததாகச் சொன்னாள். "சம்பளம் ஏறுமா? வேலை நெருக்குமே" என்றேன். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளதைத்தானே சொன்னேன்?

பதில்: உள்ளதைத்தான் சொன்னீர்கள், சொன்ன நேரம்தான் தப்பு. துணையின் நல்ல செய்தியை எப்படி வரவேற்கிறோம் என்பதை உளவியலாளர் ஷெல்லி கேபிள் ஆராய்ந்து 2004-இல் எழுதினார். ஆர்வமாகக் கேட்டு வாங்கும் தம்பதிகளிடம் நெருக்கமும் நிறைவும் அதிகம். வெறும் "ஓ, சரி"யே அங்கே எடுபடவில்லை, நீங்கள் குறையே சொல்லிவிட்டீர்கள். இன்று ராத்திரி, "அன்னைக்கு நான் சரியா கேக்கல. யார் சொன்னாங்க? உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று ஆரம்பியுங்கள். வேலை நெருக்கடியைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம்.