மெயின்டெனன்ஸ் தொகையில் குடியிருப்பவரின் பங்கு எதுவரை?

கேள்வி: ஓசூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 13,000 ரூபாய். மெயின்டெனன்ஸ் 1,500 ரூபாயாக இருந்தது. தண்ணீர் லாரிச் செலவைக் காரணம் காட்டி ஏப்ரலில் 2,400 ஆக்கினார்கள். மழை பெய்து போர்வெல்லில் தண்ணீர் வந்த பிறகும் குறைக்கவில்லை. இப்போது வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வீட்டுக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டாவிட்டால் தண்ணீரை நிறுத்துவதாகச் சங்கச் செயலாளர் சொல்கிறார். பெங்களூருவில் இருக்கும் வீட்டுக்காரரோ, "சங்கத்திடமே பேசிக்கொள்ளுங்கள்" என்கிறார்.

பதில்: பெயிண்ட் செலவு உங்களுடையது அல்ல. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டுச் சட்டம், பராமரிப்பு வேலைகளை இருவருக்கும் பிரித்து ஓர் அட்டவணையே தந்திருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள், வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய்களையும் மின் வயரிங்கையும் மாற்றுவது ஆகியவை உரிமையாளர் பங்கில் வருகின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், உடைந்த கண்ணாடி, கழிவுநீர் அடைப்பு போன்ற அன்றாடச் சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பங்கில் வருகின்றன. ஒப்பந்தத்தில் நீங்கள் வேறு விதமாக ஒத்துக்கொண்டு கையெழுத்திடாதவரை இந்தப் பிரிவினை பொருந்தும். வெளிச்சுவர் வண்ணம், லிப்ட் மாற்றுவது, புதிய போர்வெல் போடுவது, கார்பஸ் நிதி (பெரிய செலவுகளுக்காகச் சங்கம் சேர்த்து வைக்கும் பணம்) எல்லாம் சொத்தின் மதிப்பைக் காக்கும் செலவுகள் என்பதால், சொத்து யாருடையதோ அவரே அவற்றை ஏற்பதுதான் முறை. அடுத்த ஆண்டே காலி செய்து போகக்கூடிய ஒருவரிடம் பத்தாண்டு நிற்கப்போகும் பெயிண்டுக்குப் பங்கு கேட்பதில் நியாயமும் இல்லை.

மாதத் தொகை உயர்ந்தது வேறு விஷயம். வாட்ச்மேன் சம்பளம், துப்புரவு, மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் ஆகும் பொது மின்சாரம், தண்ணீர் லாரி ஆகியவை நீங்கள் அனுபவிக்கும் சேவைகள் என்பதால் அவற்றுக்குப் பங்கு தருவது வழக்கமும் சரியுமாகும். ஆனால் பங்கு என்றால் கணக்கு உண்டு. வீட்டுக்கு 900 ரூபாய் கூடுதல் என்றால் 24 வீடுகளுக்கு மாதம் 21,600 ரூபாய் வசூலாகிறது. அந்த மாதத்தில் எத்தனை லோடு தண்ணீர் இறங்கியது, ஒரு லோடு என்ன விலை என்று கேளுங்கள். வாட்ச்மேனிடம் பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். லாரி நின்ற மாதத்திலும் அதே 21,600 வசூலானால், அது தண்ணீருக்காக அல்ல என்பது தெரிந்துவிடும். விற்காமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குப் பில்டர் தம் பங்கைக் கட்டுகிறாரா என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது. அந்தப் பாக்கி சத்தமில்லாமல் மற்றவர்கள் தலையில் ஏறுவதுண்டு.

இனி யாரிடம் கேட்பது என்பது. சங்கத்தின் உறுப்பினர் வீட்டுக்காரரே தவிர நீங்கள் அல்ல. சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. ஆகவே, "சங்கத்திடமே பேசிக்கொள்ளுங்கள்" என்று அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மாத வாடகையையும், தகராறு இல்லாத 1,500 ரூபாயையும் தவறாமல் வங்கி வழியாகச் செலுத்தி, மீதித் தொகைக்குக் கணக்கு கேட்டு அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். கோபத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் வாடகை பாக்கி என்ற குற்றச்சாட்டு உங்கள் மீது திரும்பும்.

தண்ணீரை நிறுத்துவது என்ற மிரட்டலுக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. தண்ணீர், மின்சாரம், லிப்ட், படிக்கட்டு விளக்கு போன்ற அத்தியாவசியச் சேவைகளை வீட்டுக்காரரோ அவர் சார்பில் வேறெவருமோ நிறுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. மீறினால், துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடிவதற்கு முன்பே சேவையைத் திரும்ப வழங்கும்படி அவர் இடைக்கால உத்தரவு போட முடியும். வாடகை ஒப்பந்தத்தை எழுதி, அந்த அதிகாரியிடம் பதிவு செய்து வைத்திருந்தால் உங்கள் கை ஓங்கும். 11 மாதப் பத்திரம் என்றால் பதிவு வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை இந்தச் சட்டத்தின் கீழ் செல்லாது. அடுத்த முறை எழுதும்போது மெயின்டெனன்ஸில் எவையெல்லாம் அடக்கம் என்பதைத் தனி வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தருமபுரியில் வீட்டைக் காலி செய்தபோது, பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். இது சரியா?

பதில்: ஊரெங்கும் உள்ள வழக்கம் என்பதற்காக அது சட்டமாகிவிடாது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, சாதாரணப் புழக்கத்தில் மங்கிய சுவருக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆணி அடித்துப் பெயர்த்த பூச்சுக்கும் உடைத்த கண்ணாடிக்கும் பிடித்தம் செய்யலாம். உங்கள் பங்கில் பாக்கி ஏதேனும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதே விதி. பிடித்த தொகைக்கு விவரம் கேட்டு முதலில் ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள்.