கொரியக் கம்யூனிஸ்ட் கட்சி, 1925–28: கேள்வி பதில்

கேள்வி: தொடங்கியது எங்கே? பின்னாளில் வட கொரியாவை ஆண்ட கிம் இல்-சுங்குக்குப் பங்கு உண்டா?

பதில்: இல்லை. அப்போது அவருக்கு 13 வயது. 1925 ஏப்ரல் 17 அன்று, ஜப்பானிய ஆட்சியில் இருந்த கொரியாவின் சோல் நகரில் ஒரு சீன உணவகத்தில் சிலர் ரகசியமாகக் கூடித் தொடங்கினார்கள். முதல் பொறுப்புச் செயலாளர் கிம் ஜே-பொங். மறுநாளே பாக் ஹொன்-யோங் தலைமையில் இளைஞர் அமைப்பும் உருவானது.

கேள்வி: அதற்கு முன்பே ஷாங்காயில் கட்சி இருந்ததாமே?

பதில்: இருந்தது, அதுவும் இரண்டு. 1921-இல் ஷாங்காயில் ஒன்று, இர்குட்ஸ்கில் ஒன்று. இரண்டின் பெயரும் கொர்யோ கம்யூனிஸ்ட் கட்சிதான். பல புத்தகங்கள் இவற்றைக் குழப்புகின்றன. சண்டை ஓயாததால் 1922 இறுதியில் கொமின்டர்ன் (மாஸ்கோவில் இருந்து இயங்கிய சர்வதேசக் கம்யூனிஸ்ட் அமைப்பு) இரண்டையும் கலைத்தது.

கேள்வி: 1925 கட்சி ஏன் அவ்வளவு சீக்கிரம் சிக்கியது?

பதில்: சினுய்ஜுவால். யாலு ஆற்றங்கரையில், சீன எல்லையை ஒட்டிய ஊர் அது. ஷாங்காய்க்குப் போகும் கட்சிக் கடிதங்களுக்கு அதுவே வழி. 1925 நவம்பர் 22 அன்று ஓர் உணவகத்தில் கட்சித் தொடர்புள்ள உள்ளூர் இளைஞர்கள் ஒரு வழக்கறிஞரையும் அவரோடு இருந்த போலீஸ்காரரையும் அடித்துவிட்டார்கள். வெறும் கைகலப்பு என்று தொடங்கிய வழக்கில் போலீஸ் வீடுகளைச் சோதனை போட்டது. பாக் ஹொன்-யோங் ஷாங்காய்க்கு அனுப்பிய ரகசியக் காகிதங்கள் அங்கே அகப்பட்டன. எல்லையில் ரகசியக் கடிதங்களைக் கைமாற்றுபவர் தெருச் சண்டைக்கே போகக் கூடாது. காகிதத்தை வீட்டில் தேங்கவிடவும் கூடாது. இரண்டும் நடந்துவிட்டன. சில நாட்களில் பாக் ஹொன்-யோங் கைதானார். கிம் ஜே-பொங்கும் தப்பவில்லை.

கேள்வி: எந்தச் சட்டத்தில்?

பதில்: ஜப்பானின் அமைதிப் பாதுகாப்புச் சட்டம், 1925 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தனியுடைமையை மறுக்கும் அமைப்பை உருவாக்கினாலே 10 ஆண்டு வரை சிறை. 1928-இல் அரசமைப்பை மாற்ற முனையும் அமைப்புகளின் தலைவர்களுக்கு மரண தண்டனையையும் சேர்த்தார்கள்.

கேள்வி: "நான்கு கட்சிகள்" என்கிறார்களே?

பதில்: கட்சி ஒன்றுதான், தலைமை நான்கு முறை மாறியது. இரண்டாவது, காங் தால்-யோங்குடையது. கடைசி மன்னர் சுஞ்ஜோங்கின் இறுதி ஊர்வல நாளான 1926 ஜூன் 10-க்குப் போராட்டம் திட்டமிட்டபோது, துண்டறிக்கைகள் முன்கூட்டியே பிடிபட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். மூன்றாவது தலைமைக் காலத்தில், 1927 பிப்ரவரியில், தேசியவாதிகளோடு சேர்ந்து சின்கான்ஹ்வே என்ற கூட்டு அமைப்பு பிறந்தது. எனக்கு அதுவே இவர்களின் மிகப் பெரிய சாதனை. நான்காவது, சா கும்-பொங் தலைமை, 1928 கோடையில் உடைந்தது.

கேள்வி: கொமின்டர்ன் ஏன் கைவிட்டது?

பதில்: 1928 டிசம்பர் தீர்மானம் குழுச் சண்டையைக் குற்றம் சாட்டியது. அறிவுஜீவிகள், மாணவர்களை விட்டுத் தொழிலாளர்களிடமும் ஏழை விவசாயிகளிடமும் போய்க் கட்சியைப் புதிதாகக் கட்டச் சொன்னது. குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை தலைமை முழுவதும் சிறைக்குப் போன இடத்தில் அந்த வேலைக்கு நேரம் எங்கே? மறுபடி கட்சி எழுந்தது 1945 செப்டம்பரில், பாக் ஹொன்-யோங் தலைமையில்.